அவசரப் பை: அடுக்குவதும் தூக்குவதும்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில், திடீரென்று வீட்டை விட்டுக் கிளம்பும் நாளில் தூக்கிப் போக வேண்டிய அவசரப் பையை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கட்டித்தர உதவப் போய், இதுவரை இருபது வீடுகளாவது பார்த்திருப்பேன். பொருள் இல்லாமல் திணறியவர்கள் குறைவு. எல்லாம் இருந்தும், வேண்டிய நேரத்தில் எடுக்க முடியாமலோ தூக்க முடியாமலோ நின்றவர்கள்தான் அதிகம். அதனால் என்ன வாங்குவது என்பதைப் பற்றி இங்கே கொஞ்சம்தான் இருக்கும். எப்படி அடுக்குவது, எப்படித் தூக்குவது என்பதைப் பற்றி நிறைய இருக்கும்.

எந்த மாதிரி நாளுக்கு இந்தப் பை? 2023 செப்டம்பர் 26 அன்று, அப்பர் புக்கிட் தீமாவில் கட்டுமானத் தளமொன்றில் கிடைத்த 100 கிலோ உலகப் போர்க் குண்டை அங்கேயே வெடிக்கச் செய்து அழிக்க வேண்டியிருந்தது. 4,000-க்கும் மேற்பட்டவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அப்படி ஒரு நாளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காடு இல்லை, மலை இல்லை. பதினான்காம் மாடியிலிருந்து இறங்கி, சமூக மன்றத்திலோ உறவினர் வீட்டிலோ ஒரு பகலும் ஓர் இரவும் கழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் தீயோ புகையோ என்றால் பையை மறந்துவிடுங்கள். கை நீட்டினால் கிடைக்கும் தூரத்தில் இருந்தால் சரி. அதைத் தேடி ஓர் அறை உள்ளே போகக்கூடாது. வெளியே வந்த பிறகு தீயணைப்புக்கான 995-ஐக் கூப்பிடுங்கள்.

1. பையைக் கடைசியில் வாங்குங்கள்

எல்லாரும் செய்யும் முதல் தவறு, கடைக்குப் போய் பெரிய பையாகப் பார்த்து வாங்குவது. பை பெரிதாக இருந்தால் அதை நிரப்பாமல் கை சும்மா இராது. நான் முதலில் கட்டிய பை 13 கிலோ. மின்தூக்கி ஓடாத நாளில் என்ன ஆகும் என்று பார்க்க, படி வழியாக இறங்கினேன். ஒன்பதாம் மாடியிலேயே முழங்கால் முனக ஆரம்பித்துவிட்டது.

எனவே தாளில் முதலில் எழுத வேண்டியது பொருட்பட்டியல் அல்ல, ஆட்பட்டியல். வீட்டில் யார் யார்? யார் கையைப் பிடித்து யார் இறங்குவார்கள்? கைக்குழந்தையைத் தூக்குபவர் பை தூக்க முடியாது. பாட்டியின் கையைப் பிடிப்பவருக்கு ஒரு கைதான் மிச்சம். அந்தக் கை படிக்கட்டின் கைப்பிடிக்கு வேண்டும். சக்கரப் பெட்டி வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்: படியில் அதை ஒரு கையால் தூக்கியாக வேண்டும்.

அடுத்து எடை. உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்க வேண்டாம். 60 கிலோ என்றால் 6 கிலோ. பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் தண்ணீர், தன் சட்டை, ஒரு சின்ன டார்ச் போதும். ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் இந்தக் கிலோ கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். இனி வரும் முடிவுகள் எல்லாம் இந்தத் தாளைப் பார்த்துத்தான்.

வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவருக்கும் தனிப் பை உண்டு. வீட்டுச் சாமானைச் சுமக்க இன்னொரு தோள் என்று அவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவருடைய கடப்பிதழும் வேலை அனுமதி அட்டையும் அவரிடமே இருக்கட்டும்.

2. கையருகே வைத்துக்கொள்ள வேண்டியவை

குளியலறை எடை இயந்திரம், அழியாத மையுள்ள மார்க்கர் பேனா, அளவு அளவாக ஜிப்லாக் பைகள், இரண்டு பெரிய கறுப்புக் குப்பைப் பைகள், டக்ட் டேப், கெட்டியான நூல்கயிறு, நாலைந்து பெரிய ஊக்குகள், காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். அப்புறம், சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் கேட்டு வாங்கிய பழைய உள் டியூப் ஒன்று.

டியூப் எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். அதைக் கத்தரிக்கோலால் வளையல் போல விரல் அகலத்துக்கு வெட்டினால் அருமையான ரப்பர் பட்டைகள் கிடைக்கும். சாதாரண ரப்பர் பேண்ட் நம் ஊர் ஈரப்பதத்தில் சில மாதங்களில் பிசுபிசுத்து அறுந்துவிடும். டியூப் பட்டை ஆண்டுக்கணக்கில் தாங்கும்.

3. எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பாதியைத் திருப்பி வையுங்கள்

கூடத்தில் ஒரு பாயை விரித்து, எடுத்துப் போக நினைப்பது எல்லாவற்றையும் அதன் மேல் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒரே கேள்வி: “வெளியே இருக்கும் ஒரு நாளில் இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?” பதில் “கொஞ்சம் அசௌகரியம்” என்றால் அது அலமாரிக்குத் திரும்பிப் போகட்டும்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருபவர்கள் பாயில் கத்தி, சின்னக் கோடரி, மிளகுத் தெளிப்பான், கேம்ப் அடுப்பு எல்லாம் வைப்பார்கள். அந்தக் காணொளிகள் வேறு ஊருக்கு எடுத்தவை. இங்கே தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் என்று கருதத்தக்கதை வைத்திருப்பது குற்றம். காவலர் பையைத் திறந்து பார்க்கும் நாளில் ‘அவசரத்துக்கு’ என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். துணி வெட்டவும் டேப் வெட்டவும் முனை மழுங்கிய முதலுதவிக் கத்தரிக்கோல் ஒன்று போதும். அடுப்பும் எரிவாயுக் குப்பியும் வீட்டோடு இருக்கட்டும். சமூக மன்றத்தில் உங்களை யாரும் சமைக்க விடப் போவதில்லை.

நான் பையில் கட்டாயம் வைப்பவை இவைதான்: டார்ச், விசில், பவர் பேங்கும் வடமும், முதலுதவிப் பொருள், சொந்த மருந்து, ஆவண நகல், சில்லறைப் பணம், தண்ணீர், கொறிக்க ஏதாவது, ஒரு மாற்று உடை, என்95 முகக்கவசம், பழைய மூக்குக்கண்ணாடி, ஒரு பழைய வேட்டி. முகக்கவசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2013 ஜூன் 21 அன்று புகைமூட்டக் குறியீடு 401 என்ற அபாய அளவைத் தொட்டது. அந்த வாரம் கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கு, இதை முன்கூட்டி வாங்கி வைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

4. வேலைவாரியாகக் கொத்துக் கட்டுங்கள்

பரப்பியதை ஐந்து கொத்தாகப் பிரியுங்கள்: வெளிச்சமும் தொடர்பும், காயமும் மருந்தும், ஆவணமும் பணமும், வாய்க்கு, உடம்புக்கு. பொருள்வாரியாக அல்ல, வேலைவாரியாக. பேட்டரியெல்லாம் ஒரு பையில், வடமெல்லாம் இன்னொன்றில் என்று பிரித்தால் ஒரு வேலைக்கு மூன்று பையைத் திறக்க வேண்டும்.

ஒவ்வொரு கொத்தையும் ஒரு ஜிப்லாக் பையில் போடுங்கள். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். மூடும்போது ஒரு மூலையை மட்டும் திறந்து வைத்து, மடியில் வைத்து அழுத்திக் காற்றை வெளியேற்றி, பிறகு அந்த மூலையையும் மூடுங்கள். உடுப்புக் கொத்து இப்படிச் செய்தால் பாதியாகச் சுருங்கும். சட்டையை மடிக்காமல் சுருட்டி வைத்தால் இன்னும் எளிது.

அடையாளத்துக்கு வண்ண டேப் ஒட்டுவதைப் பலரும் சொல்வார்கள். பகலில் அது சரி. 2018 செப்டம்பர் 18 அன்று நள்ளிரவு ஒரு மணிக்குப் பிறகு தீவின் பல பகுதிகளில் மின்சாரம் போனது. 38 நிமிடத்தில் திரும்பிவிட்டது என்றாலும், அந்த 38 நிமிடத்தில் சிவப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசமே கிடையாது. அதனால் நான் முடிச்சு போடுகிறேன். ஒவ்வொரு கொத்தின் ஓரத்திலும் ஒரு துளையிட்டு நூல்கயிறு கோத்து, வெளிச்சத்துக்கு ஒரு முடிச்சு, மருந்துக்கு இரண்டு, ஆவணத்துக்கு மூன்று. துளை ஜிப்புக்கு மேலே இருக்கும் ஓரத்தில் இருக்க வேண்டும். கீழே போட்டால் பைக்குள் ஈரம் போகும். வீட்டில் எல்லாரையும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முடிச்சுப் பையை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. பெரியவர்கள்தான் தடுமாறுவார்கள்.

5. டார்ச்சும் பேட்டரியும்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். நான் பார்த்த வீடுகளில் அதிகம் கெட்டுப் போயிருந்தது இதுதான்.

டார்ச்சுக்குள் பேட்டரியைப் போட்டு ஒரு வருடம் விட்டால், சாதாரண ஆல்கலைன் பேட்டரி கசிந்து உள்ளே வெள்ளைப் பூஞ்சணம் போலப் படியும். கம்பிச் சுருள் அரித்துப் போகும். அப்புறம் புதுப் பேட்டரி போட்டாலும் எரியாது. இதைத் தவிர்க்க மூன்று வழி சொல்வார்கள்.

முதல் வழி, ஒரு பேட்டரியைத் தலைகீழாகப் போட்டு வைப்பது. பொத்தான் தெரியாமல் அழுந்தினாலும் மின்சாரம் ஓடாது என்பது கணக்கு. ஆனால் எல்லா டார்ச்சுக்கும் இது ஒத்துவராது. தலைகீழாகப் போட்டதை அவசரத்தில் மறந்துவிட்டு, டார்ச் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவரையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, பேட்டரியை வெளியே எடுத்து டார்ச்சோடு சேர்த்து ஒட்டி வைப்பது. கசிவுக்கு இதுதான் மிகப் பாதுகாப்பு. ஆனால் இருட்டில் கூட்டல் பக்கம், கழித்தல் பக்கம் பார்த்துப் போடுவது எழுபது வயதுக்காரருக்கு நடக்கிற காரியமா?

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. பிளாஸ்டிக் கோப்பு உறையிலிருந்து ஒரு விரல் நீளத் துண்டு வெட்டி, பேட்டரிக்கும் உலோகத் தொடுமுனைக்கும் நடுவே செருகி, அதன் வால் வெளியே தெரியுமாறு மூடிவிடுங்கள். வாலை இழுத்தால் டார்ச் எரியும். புது பொம்மைகளில் வருமே, அதே யுக்தி. மூடி இறுக்கமாகத் திருகும் டார்ச்சாக இருந்து வால் வெளியே வராவிட்டால் இரண்டாவது வழிக்குப் போங்கள். அப்போது பேட்டரியைப் போடும் திசையை டார்ச்சின் உடம்பிலேயே மார்க்கரால் பெரிய அம்புக்குறியாக வரைந்துவிடுங்கள்.

லித்தியம் ஏஏ பேட்டரி விலை கூடுதல்தான். ஆனால் எளிதில் கசியாது, பத்தாண்டுக்கு மேல் கிடக்கும், எடையும் குறைவு. ஒரு பொருளில் மட்டும் காசு செலவழிக்கலாம் என்றால் இதில் செலவழியுங்கள். டார்ச், வானொலி எல்லாம் ஒரே அளவு பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து வாங்கினால், ஒன்று தீர்ந்தால் இன்னொன்றிலிருந்து பிடுங்கிப் போடலாம்.

கையில் பிடிக்கும் டார்ச்சைவிடத் தலையில் மாட்டுவதே நல்லது. காரணம் பழையதுதான்: கைப்பிடிக்கு ஒரு கை வேண்டும். அறை முழுக்க மங்கலாக வெளிச்சம் வேண்டுமென்றால் தண்ணீர் நிறைந்த பாட்டிலின் மேல் அந்த டார்ச்சின் பட்டையைச் சுற்றி, விளக்கு உள்நோக்கிப் பார்க்கும்படி வையுங்கள். பாட்டில் விளக்காகிவிடும்.

பவர் பேங்க் 10,000 எம்ஏஎச் போதும், கால் கிலோவுக்குள் முடியும். முழுக்க ஏற்றியும் வைக்க வேண்டாம், காலியாகவும் வேண்டாம். முக்கால் அளவு ஏற்றி, மாதம் ஒருமுறை பாருங்கள். வெயில் படும் சன்னலோரம் கூடவே கூடாது. உப்பி இருந்தால் அன்றே மின்கழிவுத் தொட்டிகளைப் பற்றி விசாரித்து அதற்குரிய முறையில் அகற்றுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். வடத்தைத் தனியாக விடாமல் டியூப் பட்டையால் பவர் பேங்கோடு சேர்த்துக் கட்டுங்கள். வடம் இல்லாத பவர் பேங்க் வெறும் செங்கல்.

6. மருந்து, ஆவணம், பணம்

மருந்தைப் பொறுத்தவரை ஒரே விதி: அட்டையை விட்டுப் பிரிக்காதீர்கள். இடம் மிச்சமாகும் என்று மாத்திரைகளை உதிர்த்து ஒரே டப்பாவில் போடுபவர்கள் உண்டு. களிம்பை உறிஞ்சுகுழல் துண்டுகளில் நிரப்பி நெருப்பில் காட்டி மூடும் வித்தையும் உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் பெயரும் காலாவதித் தேதியும் போன பிறகு அது மருந்தில்லை, ஏதோ ஒரு பொருள். முதலுதவி செய்ய வருபவர் அதைத் தொடவும் மாட்டார்.

பையில் ஒரு வாரத்துக்கான மாத்திரை இருந்தால் நல்லது. பாலிகிளினிக்கிலிருந்து புது மருந்து வரும்போது புதியதைப் பையில் போட்டு, பையிலிருந்த பழையதை வீட்டில் சாப்பிடத் தொடங்குங்கள். இப்படிச் சுழற்றினால் எதுவும் வீணாகாது. மருத்துவர் அளவை மாற்றியிருந்தால் அன்றே பையிலும் மாற்ற வேண்டும். இன்சுலின் மாதிரி குளிர்ச்சியில் இருக்க வேண்டியதைப் பையில் வைக்க முடியாது. அதை எப்படி நினைவில் வைப்பது என்பதைப் பதினொன்றாம் பகுதியில் சொல்கிறேன்.

முதலுதவிப் பொருளுக்குப் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு நல்ல பெட்டி. கெட்டியானது, நசுங்காது. டக்ட் டேப் முழு உருளை கனம். காலாவதியான அட்டை ஒன்றில் இரண்டு மீட்டர் சுற்றி வைத்தால் போதும்.

ஆவணத்தில் மூலம் வேண்டாம், நகல் போதும்: அடையாள அட்டை, காப்புறுதி எண், மருந்துப் பட்டியல், ஒவ்வாமை விவரம். பை தொலைந்தால் என்ன ஆகும் என்று யோசித்து வையுங்கள். வங்கிக் கடவுச்சொல் எழுதிய தாளைப் பையில் வைத்திருந்த ஒருவரைக் கிட்டத்தட்டத் திட்டிவிட்டேன். எல்லாம்தான் கைப்பேசியில் அரசின் அடையாளச் செயலியான சிங்பாஸில் இருக்கிறதே என்பார்கள். கைப்பேசி அணைந்தால் சிங்பாஸும் அணைந்தது. இதே காரணத்துக்காக ஐந்து தொலைபேசி எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். மனைவியின் எண் மனப்பாடமா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் கூரையைப் பார்க்கிறார்கள்.

பணம் 2, 5, 10 வெள்ளி (டாலர்) தாள்களாக. மின்சாரம் இல்லாத கடையில் அட்டையும் செல்லாது, 50 வெள்ளிக்குச் சில்லறையும் கிடைக்காது.

7. தண்ணீரும் சாப்பாடும்

ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆறு கிலோ வரம்பில் தண்ணீருக்கு ஒரு கிலோவுக்கு மேல் கொடுக்காதீர்கள். நம் ஊரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், காலியான பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றைவிட அரை லிட்டர் இரண்டு நல்லது. இரு பக்கமும் ஒன்று வைத்தால் பை சாயாது.

சாப்பாட்டில் எண்ணெய்ப் பண்டம் கூடாது. அம்மா சுட்ட முறுக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இரண்டு மாதத்தில் காறல் வாடை வந்துவிடும். பேரீச்சம்பழம், உலர்திராட்சை, பொட்டுக்கடலை, தனித்தனியாக உறையிட்ட பிஸ்கட். டின் மீன் வைப்பதென்றால் வளையம் இழுத்துத் திறக்கும் டின்னாகப் பாருங்கள். டின் இருக்கும், திறப்பான் வீட்டில் இருக்கும். இது எப்போதும் நடப்பது.

8. பழைய வேட்டி ஒன்று

இது எந்தப் பட்டியலிலும் இருக்காது. ஆனால் என் பையில் முதலில் போவது இதுதான். துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி நாலு முழ வேட்டி, துண்டைவிட லேசானது, மின்விசிறிக் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும்.

தரையில் விரிக்கலாம், போர்த்தலாம், குளிர்சாதனக் கூடத்தில் பாட்டியின் தோளில் போடலாம். குழந்தைக்குப் பால் கொடுக்க, உடை மாற்ற, இரண்டு நாற்காலிக்கு நடுவே ஊக்கால் குத்தித் திரையாக்கலாம். கை அடிபட்டால் முக்கோணமாக மடித்துக் கழுத்தில் கட்டித் தூளியாக்கலாம். மடிக்கும் முறை: வேட்டியைச் சதுரமாக மடித்து, குறுக்காக முக்கோணமாக்கி, முழங்கை அகன்ற மூலையில் வருமாறு வைத்து, மற்ற இரு முனைகளையும் கழுத்தின் பக்கவாட்டில் முடியுங்கள். பின்கழுத்தில் முடிச்சு வந்தால் அழுத்தி வலிக்கும்.

பையின் பட்டை அறுந்தாலும் வேட்டிதான். சுருட்டிக் கயிறாக்கி, பையின் மேல் கைப்பிடியிலும் கீழ்ப் பட்டை தைத்த இடத்திலும் கட்டினால் தோள்பட்டை தயார். கைக்குழந்தை உள்ள வீடானால் ஒரு பழைய பருத்திப் புடவையும் சேருங்கள். தூளி கட்டத் தெரிந்த பாட்டியிடம் ஒரு தடவை கற்றுக்கொள்ளுங்கள்.

9. இப்போது பை வாங்கி, உள்ளே அடுக்குங்கள்

ஐந்து கொத்தையும் எடை போட்டாயிற்று, பருமனும் தெரிந்துவிட்டது. பெரியவருக்கு 20 முதல் 25 லிட்டர் முதுகுப் பை தாராளம். பள்ளிப் பிள்ளையின் பழைய பை தையல் பிரியாமல் இருந்தால் அதுவே போதும். நெஞ்சுப் பட்டை இல்லையா? பிறகு கட்டிக்கொள்ளலாம்.

முதலில் குப்பைப் பையை உள்ளே விரியுங்கள். வெளியே போடும் மழை உறை காற்றில் பறக்கும், முதுகுப் பக்கம் நனைவதையும் தடுக்காது. உள் உறை இருந்தால் பொருள் நனையாது. டிசம்பர் மழையில் புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை ஒரு தடவை நடந்து பாருங்கள், புரியும். இரண்டாவது குப்பைப் பை மடித்தபடி பக்கப் பையில் இருக்கட்டும். மழைச் சட்டையாகவும் உதவும்.

அடியில் உடுப்பும் வேட்டியும். நடுவில், முதுகை ஒட்டினாற்போல் கனமானவை: சாப்பாடு, பவர் பேங்க். கனம் முதுகை விட்டு விலகியிருந்தால் பை பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் குனிவீர்கள், படியில் அது ஆபத்து. கனத்துக்கு வெளிப்பக்கம் ஆவணம். மேலே மருந்து. எல்லாவற்றுக்கும் மேல் வெளிச்சக் கொத்து. குப்பைப் பையின் வாயை முறுக்கி, மடித்து, டியூப் பட்டை போடுங்கள்.

வெளிச்சக் கொத்து மேலே இருந்தாலும் தலை டார்ச் மட்டும் அதிலும் வேண்டாம். அது வெளியே, முன் பையில். பையைத் திறக்கவே வெளிச்சம் வேண்டுமே.

10. தோளில் ஏற்றுவது

பட்டையை நீளமாகத் தொங்கவிட்டுப் போடுவது பள்ளிக்கூட நாகரிகம். இங்கே பை இடுப்புக்கு மேலேயே நிற்க வேண்டும். இறுக்கிய பிறகு மிஞ்சும் பட்டை வாலைச் சுருட்டி டியூப் பட்டையால் கட்டுங்கள். தொங்கும் வால் படிக்கட்டுக் கைப்பிடியில் மாட்டியதை நேரில் பார்த்திருக்கிறேன். நல்ல வேளை, ஒத்திகையில்தான்.

நெஞ்சுப் பட்டைக்கு: ஒரு முழக் கயிற்றை இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே, மார்பு உயரத்தில், இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். பை தோளிலிருந்து நழுவாது. அவிழாத முடிச்சாகப் போட்டால் பை எங்காவது சிக்கும்போது கழற்ற முடியாமல் போகும்.

விசில் இடது தோள்பட்டையில், வாய்க்கு எட்டும் தூரத்தில். பைக்குள் கிடக்கும் விசிலால் பயனில்லை. பட்டை தோளை அறுத்தால் பழைய காலுறை ஒன்றின் பாதத்தை வெட்டிவிட்டு, பட்டையில் கோத்து உள்ளே இன்னொரு காலுறையைத் திணியுங்கள்.

11. வைக்கும் இடமும் கதவு அட்டையும்

வாசல் கதவுக்குப் பக்கத்தில், வீட்டுக்கு உள்ளே. வெளியே நடைபாதையில் வைக்கக்கூடாது. அங்கே 1.2 மீட்டர் வழி திறந்திருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. பலர் பாம்ப் ஷெல்டரில், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் தடித்த சுவர்ப் பாதுகாப்பு அறையில், வைக்கிறார்கள். தவறில்லை, ஆனால் ஆறு மாதத்தில் அதன் முன்னால் பயணப் பெட்டி, பழைய மின்விசிறி, அரிசி மூட்டை எல்லாம் வந்து நிற்கும். அங்கேதான் வைப்பேன் என்றால் கதவை ஒட்டிக் கடைசியாக வையுங்கள்.

சரி, இன்சுலின். கதவின் உள்பக்கம், கண் உயரத்தில் ஒரு அட்டை ஒட்டுங்கள். முன்கூட்டிப் பையில் போட முடியாதவை மட்டும் அதில்: இன்சுலின், கைப்பேசி, மூக்குக்கண்ணாடி, பல்செட், சாவி, எரிவாயுவை மூடியாயிற்றா. ஏழு வரிக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. வீட்டில் யார் எந்த மொழி படிப்பாரோ அந்த மொழியில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் பாட்டிக்காகத் தமிழிலும், பேரனுக்காகப் படமாகவும் இருக்கிறது.

12. படிக்கட்டில் ஓர் ஒத்திகை

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அவரவர் பையோடு தரைத்தளம் வரை இறங்குங்கள். ஓட வேண்டாம். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மாடியில் யார் நின்றார், எந்தப் பொருள் உள்ளே கடகடத்தது, எந்தப் பட்டை நழுவியது என்று கீழே வெற்றுத்தளத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

அங்கேயே இன்னொரு சோதனை. பாட்டிக்கு மாத்திரை நேரம் என்று வைத்துக்கொண்டு மாத்திரையும் தண்ணீரும் எடுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் அடுக்கு சரியில்லை. பையை முழுதாகக் கொட்டினால்தான் கிடைக்கிறது என்றாலும் சரியில்லை.

முதல் ஒத்திகைக்குப் பிறகு அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு கிலோவாவது குறைகிறது. குறையாத ஒரே வீட்டில், தாத்தா தன் பழைய டிரான்சிஸ்டரை விட்டுக்கொடுக்கவில்லை. அது வேலை செய்தது, பேட்டரியும் ஏஏதான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

13. ஆண்டுக்கு இரண்டு தடவை பிரித்துப் பார்ப்பது

தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரலில், தீபாவளி அக்டோபர், நவம்பரில். ஏறக்குறைய ஆறு மாத இடைவெளி, எப்படியும் வீட்டை ஒழிக்கும் நாட்கள். அப்போது பையையும் பாயில் கொட்டுங்கள். பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் புதிது வையுங்கள். தண்ணீரை மாற்றுங்கள், பிள்ளையின் சட்டை இன்னும் சேருமா பாருங்கள், தொலைபேசித் தாளைச் சரிபாருங்கள். பழைய சிலிக்கா ஜெல் பொட்டலமும் கிழிந்த ஜிப்லாக்கும் போகட்டும். டார்ச்சின் பிளாஸ்டிக் வாலை இழுத்து, எரிகிறதா பார்த்துவிட்டு, மறக்காமல் மறுபடி செருகுங்கள். போன தீபாவளிக்கு நானே அதை மறந்து, இரண்டு பேட்டரிகளைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.